சிறு படகில் உயிர்மீன் தொட்டிக்கும் தளம் கழுவுவதற்கும் பம்பு: தேர்வு, பொருத்தம், பராமரிப்பு

கிருஷ்ணகிரி அணையிலோ, நாகமரை, ஒட்டனூர் பக்கம் தருமபுரி மாவட்டத்தைத் தொட்டு நிற்கும் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பிலோ உரிமம் பெற்று மீன்பிடிக்கத் தொடங்கும் ஒருவர், பிடித்த மீனை உயிருடன் கரைசேர்த்தால் கூடுதல் விலை கிடைக்கும் என்பதை வெகு சீக்கிரம் தெரிந்துகொள்வார். துள்ளும் மீனைக் கண்ணால் பார்த்து வாங்கவே நம் பக்கத்து மக்கள் விரும்புகிறார்கள். அதற்காகப் படகில் ஒரு தொட்டி வைத்து, அதற்குள் அணை நீரை ஓயாமல் செலுத்த ஒரு சிறு பம்பு பொருத்த வேண்டியிருக்கிறது. வேலை முடிந்தபின் சேறு, செதில், மீனின் வழுவழுப்பு ஆகியவற்றைத் தளத்திலிருந்து அடித்துக் கழுவ இன்னொரு பம்பு இருந்தால் படகு நாற்றமில்லாமல் இருக்கும். கால் வழுக்கி விழும் ஆபத்தும் குறையும். இந்த இரண்டையும் எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது, எப்படிப் பேணுவது என்பதை இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. பம்பு கெட்டுவிட்டது என்று கழற்றப்படுபவற்றில் பலவற்றின் மோட்டாரில் எந்தக் குறையும் இருப்பதில்லை. நீர் உள்ளே வரும் வாய் அடைத்திருக்கும், அல்லது மின்கம்பி மெலிதாக இருக்கும், அல்லது தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் வழி போதாமல் இருக்கும். ஆகவே விலை உயர்ந்த பம்பைத் தேடி அலைவதைவிட, நடுத்தரமான ஒரு பம்பை வாங்கி அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சரியாக அமைப்பதே புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு வேலைக்கும் ஒரே பம்பு ஆகாது

உயிர்மீன் தொட்டிக்கு வேண்டியது நிறைய நீர், அழுத்தம் தேவையில்லை. மணிக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டும். அதற்கு ஏற்றது, உள்ளே இம்பெல்லர் என்னும் இறக்கைச் சக்கரம் சுழன்று நீரை வெளியே தள்ளும் 12 வோல்ட் மைய விலக்குப் பம்பு. படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றப் பயன்படும் முழுகு பம்புகளும் இதே வகையைச் சேர்ந்தவையே. இவ்வகைப் பம்பு காற்றை உறிஞ்சி நீரை மேலே இழுக்காது. கிணற்று மோட்டாரில் ஏர் பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஏறாமல் வெறுமனே சுற்றுவதை நம் விவசாயிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இதிலும் அதுதான் நடக்கும். ஆகவே இந்தப் பம்பு எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும்.

தளம் கழுவுவதற்கு வேண்டியது அழுத்தம்; நீர் குறைவாக இருந்தாலும் போதும். அதற்கு டயாபிரம் பம்பு வேண்டும். இதில் ரப்பர் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து, சிறு வால்வுகளின் வழியாக நீரை இழுத்துத் தள்ளுகிறது. நீர்மட்டத்துக்கு மேலே ஓரிரு மீட்டர் உயரத்தில் வைத்தாலும் தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும். குழாயின் முனையில் நீரைப் பீய்ச்சும் கைப்பிடியான ‘கன்’னை மூடினால் அழுத்தம் ஏறி, பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். திறந்தால் மீண்டும் ஓடும். படகுக்கென விற்பவை பொதுவாக நிமிடத்துக்கு 11 முதல் 19 லிட்டர் வரை தரும். 40 முதல் 70 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் நின்றுவிடும்.

செலவைக் குறைக்க டயாபிரம் பம்பு ஒன்றையே தொட்டிக்கும் தளத்துக்கும் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதன் வால்வுகளும் சவ்வும் இடைவிடாத ஓட்டத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மோட்டார் சூடேறும், பேட்டரியும் மூன்று மடங்குக்கு மேல் செலவாகும். கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் தொட்டிப் பம்பை மட்டும் வாங்கிக்கொண்டு, தளத்தை வாளியாலும் துடைப்பத்தாலும் கழுவிக்கொள்ளலாம். மீனின் உயிர் காக்கும் பம்புதான் முதலில் வர வேண்டும்.

முதல் படி: தொட்டியின் எடையைக் கணக்கிடுங்கள்

பம்பைப் பற்றி யோசிக்கும் முன்பு தொட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் உள்ள பெட்டியில் 35 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பினால் 84 லிட்டர் ஆகும். அதாவது படகில் 84 கிலோ எடை ஏறுகிறது. நன்கு வளர்ந்த ஓர் ஆளைவிடக் கனமான இந்த எடை, ஆளைப் போல் ஓரிடத்தில் அமர்ந்திருக்காமல் படகு சாயும் பக்கமெல்லாம் தானும் சாய்ந்து, சாய்வை மேலும் கூட்டும். ஃபைபர் படகில் தொட்டியை நடுவில், முடிந்தவரை தாழ்வாக வைத்து, உள்ளே ஒரு துளையிட்ட தடுப்புப் பலகை செருகினால் அலைச்சல் அடங்கும். பரிசலில் 30 அல்லது 40 லிட்டருக்கு மேல் நீர் ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். உயிர்க்காப்பு உடை அணியாமல் நீர் நிறைந்த தொட்டியுடன் பரிசலை எடுப்பது யாராக இருந்தாலும் செய்யக்கூடாத காரியம்.

மூலைகள் கூராக இல்லாமல் வளைந்திருக்கும் தொட்டியே மீனுக்கு நல்லது, ஏனெனில் கூரான மூலையில் மீன் மூக்கை மோதிக் காயப்படுத்திக்கொள்ளும். வெளிர் நிறத் தொட்டியைவிட, மூடியுள்ள, உட்புறம் இருண்ட தொட்டியில் மீன் அமைதியாக இருக்கும். மூடி, சித்திரை வெயிலையும் தடுக்கும்.

இரண்டாம் படி: எவ்வளவு நீர் வேண்டும்

தொட்டி நீர் முழுவதும் மணிக்கு ஆறு முறையாவது மாற வேண்டும் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. 84 லிட்டர் தொட்டிக்கு இது மணிக்கு ஏறத்தாழ 500 லிட்டர். கோடையில், அல்லது தொட்டியில் மீன் நெருக்கமாக இருக்கும்போது, இதை இரு மடங்காக்கிக்கொள்ளலாம்.

பம்பின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் எண்ணைப் படிக்கும்போது கவனம் தேவை. ரூல், ஆட்வுட், சீஃப்ளோ போன்ற நிறுவனங்களின் பம்புகளில் அளவு அமெரிக்க கேலனில் இருக்கும். ஒரு கேலன் என்பது 3.785 லிட்டர். 500 கேலன் பம்பு என்றால் மணிக்கு ஏறத்தாழ 1,890 லிட்டர், 800 கேலன் என்றால் 3,000 லிட்டருக்குச் சற்று மேல். ஆனால் இந்த அளவு, குழாயே இல்லாமல், உயரமே ஏற்றாமல், பம்பின் வாயிலிருந்து நீர் நேராகக் கொட்டும்போது கிடைப்பது. தொட்டியின் விளிம்பு வரை நீரை ஏற்றுவதிலும், குழாயின் வளைவுகளிலும், ஷவர் முனையிலும் அதில் பெரும்பகுதி குறைந்துவிடும். 500 கேலன் பம்பு தொட்டியில் மணிக்கு 1,000 அல்லது 1,100 லிட்டர் கொட்டினாலே நன்றாக ஓடுகிறது என்று கொள்ளலாம். மேலே சொன்ன தொட்டிக்கு அது தாராளமாகப் போதும்.

உண்மையில் எவ்வளவு வருகிறது என்பதை ஒரு வாளியும் கைப்பேசிக் கடிகாரமும் சொல்லிவிடும். எல்லாக் குழாய்களையும் பொருத்தியபின், தொட்டியில் நீர் விழும் அதே உயரத்தில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 72,000 என்ற எண்ணை அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். 65 விநாடியில் நிரம்பினால் மணிக்கு ஏறத்தாழ 1,100 லிட்டர். இந்த எண்ணைத் தொட்டி மூடியின் உட்புறத்தில் அழியாத பேனாவால் எழுதி வையுங்கள். பின்னொரு நாள் மீன் வாடும்போது, பம்பின் மேல் சந்தேகம் வந்தால் மறுபடியும் அளந்து ஒப்பிட இது ஒன்றே சாட்சி.

பெரிய பம்பு எப்போதும் நல்லது என்று எண்ண வேண்டாம். சிறு தொட்டியில் 1,100 கேலன் பம்பு ஓடினால் உள்ளே ஆற்று வெள்ளம்போல் நீர் சுழலும். மீன் அதை எதிர்த்து நீந்தியே களைத்துவிடும்.

மூன்றாம் படி: நீர் எடுக்கும் வாயும் விடும் வாயும்

படகின் அடியில் துளையிட்டு, வால்வு பொருத்தி, அதன்மேல் பம்பை அமைப்பது பெரிய படகுகளின் முறை. அணையில் ஓட்டும் நான்கைந்து மீட்டர் படகுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. துளையைச் சுற்றி ஃபைபரின் வெட்டுமுகத்தை ரெசின் பூசி அடைக்காவிட்டால் நீர் உள்ளே ஊறி ஓடே பலவீனமாகும். வால்வு உடைந்தால் படகு மூழ்கும். துளையிட்டே ஆக வேண்டும் என்பவர்கள் கடற்படகு வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு, நீருக்கடியில் பயன்படும் பாலியூரித்தேன் பசையால் ஒட்டி, மூடித் திறக்கும் வால்வுடன் பொருத்திக்கொள்ளட்டும். சிலிகான் பசையை நம்ப வேண்டாம்.

புதியவர்களுக்கு எளிய வழி, முழுகு பம்பை ஒரு பிடிப்பானில் மாட்டிப் படகின் பக்கவாட்டிலோ பின்பலகையிலோ தொங்கவிடுவது. தட்டையான எவர்சில்வர் பட்டையை எழுத்து 'ப'வைத் தலைகீழாக்கியதுபோல் வளைத்து, ஒரு திருகுக் கவ்வியால் விளிம்பில் இறுக்கினால் போதும். பம்பு நீர்மட்டத்திலிருந்து 20 அல்லது 25 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் படகு ஆடும்போது காற்றை விழுங்கும். அதிக ஆழத்தில் இருந்தால் கரையோரத்தில் சேற்றை அள்ளும். கிருஷ்ணகிரி அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 52 அடி என்றாலும் கோடையில் நீர் வெகுவாக இறங்கிவிடும். அப்போது நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று முழங்கால் அளவு சேறு இருக்கலாம். ஆகவே கரையை நெருங்கும்போது பம்பை நிறுத்தி மேலே தூக்கிவிடும் பழக்கம் அவசியம். தூக்கி மாட்டக்கூடிய பம்பின் பெரிய நன்மையும் இதுதான். பரிசலுக்கும் இதே முறை பொருந்தும்; மூங்கில் விளிம்பைக் கவ்வி நசுக்காதபடி கவ்விக்கும் மூங்கிலுக்கும் இடையில் பழைய டியூப் ரப்பரை வைத்துக்கொள்ள வேண்டும்.

பம்பின் வாயில் உள்ள சல்லடை மட்டும் போதாது. ஆகாயத்தாமரையின் வேர்கள் நூல்போல் நுழைந்து இம்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். மெல்லிய கண்ணியுள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்றைப் பம்பைச் சுற்றிக் கட்டினால், பரப்பளவு கூடுவதால் இழுவிசை பரவி, அடைப்பு மெதுவாகவே ஏற்படும்.

பம்பிலிருந்து தொட்டிக்கு முக்கால் அங்குல ஓஸ் போதும். கம்பி பதித்த, நசுங்காத ஓஸ் வாங்குங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப் இரண்டு போட வேண்டும். இதை அதிகப்படியான எச்சரிக்கையாக நினைத்துவிடக்கூடாது: ஓஸ் கழன்றால் அந்தப் பம்பு மணிக்கு ஆயிரம் லிட்டர் அணை நீரைப் படகுக்குள்ளேயே கொட்டும், வலை இழுக்கும் மும்முரத்தில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஓஸின் முனை தொட்டி நீருக்குள் முழுகியிருக்கக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பம்பை நிறுத்தியதும் தொட்டி நீர் முழுவதும் அதே குழாய் வழியாகத் திரும்பி அணைக்கு ஓடிவிடும். மீன் வெறும் தரையில் கிடக்கும். இரண்டாவது, மேலிருந்து ஷவராக விழும் நீர்தான் காற்றைக் கலந்துகொண்டு விழுகிறது. முனையில் 3 மி.மீ. துளைகள் இட்ட பிவிசி குழாயைக் கிடையாக வைத்தால் தொட்டியின் நீளம் முழுவதும் நீர் விழும்.

நீர் வெளியேறும் குழாய் ஒன்றரை அங்குலமாவது இருக்க வேண்டும். உள்ளே வரும் நீரைப் பம்பு தள்ளுகிறது. வெளியே போகும் நீரோ தன் எடையால் மட்டுமே வழிகிறது. இரண்டுக்கும் ஒரே அளவுக் குழாய் போட்டவர்களின் தொட்டி நிரம்பி வழிந்து படகுக்குள் நீர் தேங்குவதைப் பார்க்கலாம். வெளியேறும் வாயில் கண்ணி வலை இட்டு, அதில் செதில் ஒட்டி அடைக்காதபடி அவ்வப்போது கையால் துடைத்துவிடுங்கள்.

நான்காம் படி: கழுவும் பம்பு

இதற்குப் படகுக்கென்றே செய்த பம்பு கிடைத்தால் அதை வாங்குவதே சிறந்தது; சென்னை காசிமேடு போன்ற துறைமுகப் பகுதிக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது, மாந்தோப்புகளில் மருந்து அடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் உள்ள 12 வோல்ட் டயாபிரம் பம்பு. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் விவசாயக் கருவி விற்கும் கடைகளில் பம்பும், அதன் சவ்வும், பிரஷர் சுவிட்சும் தனித்தனியே கிடைக்கும் என்பதால் பழுது பார்ப்பது சுலபம். நீரின் அளவு படகுப் பம்பைவிடக் குறைவுதான். சிறு படகின் தளத்துக்கு அது போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதில் எந்தத் தளர்வும் கூடாது. பூச்சிமருந்து அடித்த பழைய ஸ்பிரேயரின் பம்பையோ ஓஸையோ மீன் படகில் ஒருபோதும் பொருத்தக் கூடாது. மாமரத்துக்கு அடிக்கும் சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற மருந்துகள் மிக மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை; ரப்பரிலும் ஓஸிலும் ஊறியவை எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. தளத்தைக் கழுவும் நீர் தொட்டியில் தெறிக்கும், அணையிலும் கலக்கும். வீட்டில் ஸ்பிரேயர் சும்மா கிடக்கிறது என்று எடுத்துக்கொடுப்பவர் நல்லெண்ணத்தோடுதான் கொடுப்பார், இருந்தாலும் மறுத்துவிடுங்கள். புதுப் பம்பு மட்டுமே.

டயாபிரம் பம்புக்கு முன்னால், நீர் இழுக்கும் பக்கத்தில், வடிகட்டி கட்டாயம் வேண்டும். ஒரு மணல் துகள் வால்வின் இதழில் சிக்கினாலே பம்பு ஓடும், நீர் வராது. உள்ளே பார்க்கக்கூடிய கண்ணாடி போன்ற கிண்ணம் உள்ள வடிகட்டியாக வாங்கினால் அழுக்கு சேர்வது கண்ணுக்குத் தெரியும். இழுக்கும் பக்கத்து ஓஸ் மெலிதாக இருந்தால் உறிஞ்சும்போது சப்பிப்போகும், தடித்ததாக வாங்குங்கள்.

ஐந்தாம் படி: பேட்டரியும் கம்பியும்

இப்பகுதியில் உள்ள சிறு படகுகளில் துடுப்போ, கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய வெளிப்புற எஞ்சினோதான் இருக்கும். அவற்றில் பல, பேட்டரியைச் சார்ஜ் செய்யாது. ஆகவே கரையில் ஏற்றிய சார்ஜே நாள் முழுவதும் தாங்க வேண்டும். கணக்கு எளிது. 500 கேலன் பம்பு ஏறத்தாழ 2 முதல் 2.5 ஆம்பியர் எடுக்கும். ஐந்து மணி நேரம் ஓடினால் 12.5 ஆம்பியர் மணி. கழுவும் பம்பு 8 ஆம்பியர் எடுத்தாலும் பத்து நிமிடம்தான் ஓடும். ஒன்றரை ஆம்பியர் மணிக்குள் முடிந்துவிடும். மொத்தம் 14. ஈய அமில பேட்டரியை அதன் கொள்ளளவில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் 35 ஆம்பியர் மணி பேட்டரி இதற்குச் சரியாக இருக்கும். 50 வாட் சோலார் தகடு ஒன்றைச் சார்ஜ் கன்ட்ரோலருடன் வைத்தால், உச்சி வெயிலில் தொட்டிப் பம்பு எடுக்கும் மின்சாரத்தை அதுவே ஈடுகட்டிவிடும்.

கம்பியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பேட்டரியிலிருந்து பம்பு 3 மீட்டர் தூரத்தில் இருந்தால், போக வர 6 மீட்டர். 8 ஆம்பியர் எடுக்கும் கழுவும் பம்புக்கு 1 சதுர மி.மீ. கம்பி போட்டால் ஏறக்குறைய 0.9 வோல்ட் கம்பியிலேயே இழக்கப்படும், 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தாலே பம்பு சோர்ந்துவிடும். வெறும் செம்பைவிட வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி ஈரத்தில் நீடித்து உழைக்கும்.

ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில், ஒரு சாண் தூரத்துக்குள், இருக்க வேண்டும். பம்புக்கு அருகில் ஃபியூஸ் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், நடுவழியில் கம்பி உரசி ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸால் பயனில்லை என்பதை உணர்வதில்லை. இரண்டு பம்புக்கும் தனித்தனி ஃபியூஸ், தனித்தனி சுவிட்ச். ஃபியூஸின் அளவு பம்பின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேற்பட்ட அளவைப் போடக் கூடாது. கம்பி இணைப்புகளை முறுக்கி டேப் ஒட்டுவது படகில் ஒரு பருவம்கூடத் தாங்காது. இணைப்பானை நசுக்கிப் பிடித்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயை அதன்மேல் ஏற்றிச் சூடாக்கி மூடுங்கள். முடிந்தவரை எந்த இணைப்பும் படகின் அடித்தளத்தில் நீர் தேங்கும் இடத்தில் வர வேண்டாம். பெட்ரோல் கேனையும் சாதாரண சுவிட்சையும் ஒரே மூடிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

நீரில் இறங்கியபின் கவனிக்க வேண்டியவை

மீனுக்கு வேண்டியது நீர் அல்ல, நீரில் கரைந்த ஆக்சிஜன். 20 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமுக்கு மேல் கரையாது. அதே நேரத்தில் சூட்டில் மீனின் தேவை கூடுகிறது. 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கட்லாவும் ரோகுவும் சோர்வடையத் தொடங்கும்; இன்னும் வெகுவாகக் குறைந்தால் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து திணறும்.

பலரும் அறியாத ஒன்று, விடியற்காலை நீரைப் பற்றியது. பச்சை படர்ந்த நீரில் பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது பொழுது விடியும் நேரத்தில்தான். வலை எடுப்பதும் அப்போதுதான். குளிர்ச்சியாக இருக்கிறது, மீன் தாங்கும் என்று எண்ணி அந்நேரத்தில் பம்பை இடையிடையே நிறுத்தி ஓட்டுவது பல நேரங்களில் மீன்சாவுக்குக் காரணமாகிறது. அந்த நீரைத் தொட்டிக்குள் அப்படியே விட்டால் மட்டும் போதாது, ஷவராக உயரத்திலிருந்து விழச் செய்ய வேண்டும். தொட்டியில் மீனின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

விராலின் கதை வேறு. அது மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன். தொட்டியை மூடி வரை நிரப்பிவிட்டால், பம்பு எவ்வளவு நன்றாக ஓடினாலும் விரால் மூச்சு முட்டும். நீருக்கும் மூடிக்கும் இடையே ஐந்து விரல்கடையாவது காற்று இருக்கட்டும். மூடியில் துளைகளும், துள்ளி வெளியேறாதபடி கொண்டியும் இருக்கட்டும்.

தென்பெண்ணையில் நுரை மிதந்து வரும் நாட்களில், அல்லது நீரில் நாற்றமோ நிறமாற்றமோ தெரியும் இடத்தில், வெளிநீரை உள்ளே எடுக்காதீர்கள். பம்பைத் தொட்டிக்குள்ளேயே இறக்கி, அதே நீரைச் சுழற்றி ஷவராக விழவிட்டுக்கொண்டு அவ்விடத்தைக் கடந்துவிடுங்கள். ஆனால் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும் என்பதால் இதை அரை மணி நேரத்துக்கு மேல் நீட்டிக்கக் கூடாது.

ஓர் அணையில் எடுத்த தொட்டி நீரை இன்னோர் ஏரியில் கொட்டக் கூடாது. கெலவரப்பள்ளியில் நிரப்பியதைப் பாரூர் ஏரியில் ஊற்றினால் ஜிலேபிக் குஞ்சுகளும், களைச்செடியின் துண்டுகளும், மீன் நோய்க் கிருமிகளும் சேர்ந்தே பயணிக்கும். எடுத்த கரையிலேயே தொட்டி, ஓஸ், பம்பு மூன்றையும் முழுதாக வடித்துவிட்டுத்தான் படகை வண்டியில் ஏற்ற வேண்டும்.

பராமரிப்பு

ஒவ்வொரு நாளும் கரையேறியதும் பம்பின் அடிச்சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான பம்புகளில் இரண்டு பக்கமும் உள்ள நாக்கை அழுத்தினால் மேல்பகுதி தனியே வந்துவிடும். இம்பெல்லரை விரலால் சுற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். இம்பெல்லருக்கும் மோட்டார் உடலுக்கும் இடையில் உள்ள மெல்லிய இடுக்கில்தான் அறுந்த வலையின் நரம்பு போய்ச் சுற்றிக்கொள்ளும். வெளியே தலைமுடி அளவு முனை மட்டுமே தெரியும். அதை அலட்சியமாக விட்டால் சுற்றிச் சுற்றி இறுகி, தண்டின் வழியே நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு வளையத்தை (சீல்) அறுத்துவிடும். நீர் மோட்டாருக்குள் இறங்கிய பிறகு அந்தப் பம்பைத் திரும்பப் பெற வழியில்லை. வளைந்த முனையுள்ள கத்தரியால் நரம்பை வெட்டி, சிறு இடுக்கியால் இழுத்து எடுங்கள். கத்தியால் குத்தி நெம்ப வேண்டாம்.

வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, கிளிப்புகளை இறுக்கி, பேட்டரி முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் சுரண்டி, பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கடினமானது. படகைக் கழுவுவதற்கு அந்த நீரையே பயன்படுத்திப் பம்பை அப்படியே உலரவிட்டால் இம்பெல்லர் அறையிலும் வால்வு இதழ்களிலும் வெள்ளைப் படிவு ஏறும். மாதம் ஒருமுறை வினிகரையும் நீரையும் சரிபாதியாகக் கலந்து ஒரு வாளியில் எடுத்து, பம்பை அதற்குள் சில நிமிடம் ஓட்டிப் பின் நிறுத்தி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அதன்பின் நல்ல நீரில் நன்றாக ஓட்டி அலசுங்கள். தொட்டியையும் பம்பையும் சோப்பாலோ பிளீச்சிங் பவுடராலோ கழுவக் கூடாது. எச்சம் மீனின் செவுளைப் பாதிக்கும். கல்லுப்பும் நாரும் போட்டுத் தேய்த்தாலே வழுவழுப்பு போய்விடும்.

பழுதைக் கண்டுபிடிக்கும்போது எளிதானதிலிருந்து தொடங்குங்கள். தொட்டிப் பம்பு சுற்றுகிறது, நீர் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏர் பிடித்திருப்பதை. பம்பை நீருக்குள்ளேயே சாய்த்துக் குலுக்கினால் குமிழி வெளியேறி நீர் ஏறும். ஓஸ் நடுவில் மேடாக வளைந்து கிடந்தால் அங்கேதான் காற்று தங்கும். பம்பிலிருந்து தொட்டி வரை ஏறுமுகமாகவே ஓஸ் செல்லட்டும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், அடுத்து இணைப்பு, அடுத்து சுவிட்ச், கடைசியில்தான் மோட்டார். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போடாமல் இம்பெல்லரில் என்ன சிக்கியிருக்கிறது என்று பாருங்கள்.

கழுவும் பம்பில், கன்னை மூடியிருக்கும்போதே விட்டுவிட்டு 'டக்... டக்...' என்று பம்பு ஓடி நின்றால், தள்ளும் பக்கத்தில் எங்கோ சொட்டுகிறது என்று பொருள். கவனிக்காமல் விட்டால் பிரஷர் சுவிட்சின் முனைகள் கருகிவிடும். கன்னைப் பாதி மட்டும் திறந்து வைத்துக் கழுவுவதும் இதே கேட்டைச் செய்யும். திறந்தால் முழுதாகத் திறக்க வேண்டும். பம்பு நிற்காமல் ஓடியும் அழுத்தம் ஏறவில்லையென்றால் இழுக்கும் பக்கத்தில் காற்று புகுகிறது. வடிகட்டிக் கிண்ணத்தின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள்; அது சரியாக உட்காராததே பல நேரங்களில் காரணம். வேலை முடிந்து கரைக்கு வந்ததும் பம்பின் சுவிட்சை நிறுத்திவிட்டு, கன்னைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றியபின் வையுங்கள். அழுத்தத்தோடு வெயிலில் கிடக்கும் ஓஸ் இணைப்பில் பிதுங்கும்.

மீன்பிடி இல்லாத காலத்தில் இரண்டு பம்பையும் கழற்றி, நீரை முழுதாக வடித்து, நிழலில் உலர்த்தி, எலி ஏறாத இடத்தில் தொங்கவிடுங்கள். எலி முதலில் கடிப்பது கம்பியின் மேலுறையைத்தான். பேட்டரியை மாதம் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். மீண்டும் படகை இறக்கும் முன்பு டயாபிரம் பம்பின் சவ்வை வளைத்துப் பார்த்து, மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். படகில் எப்போதும் ஒரு நீர்புகாத டப்பாவில் இரண்டு அளவிலும் உதிரி ஃபியூஸ், நான்கு கிளிப், ஒரு முழம் ஓஸ், கத்தரி, இடுக்கி, திருப்புளி ஆகியவை இருக்கட்டும். முடிந்தால் இன்னொரு 500 கேலன் பம்பையும் வைத்துக்கொள்ளுங்கள்: தொட்டி நிறைய மீனுடன் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும்போது பழுது பார்க்க நேரம் இருக்காது, மாற்றத்தான் நேரம் இருக்கும்.